சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான சிறு மூலக்கூறு மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு பரம்பரை நோய். நீண்ட காலம் சளியை வெளியேற்றுவதும் தொற்றுகளை அடக்குவதும்தான் அதற்கான சிகிச்சை. 2012-க்குப் பிறகு நிலைமை மாறியது. கெட்டுப்போன புரதத்தையே சரிசெய்து வேலை வாங்கும் மாத்திரைகள் வந்தன. அவை எப்படி உருவாயின, எப்படி வேலை செய்கின்றன, யாருக்கு இன்னும் எட்டவில்லை என்று நோயாளிகளின் குடும்பத்தாரும் மருந்தியல், உயிரியல் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவுகள்.

இந்த நோயில் உடம்பில் எது கெடுகிறது?

சிஎஃப்டிஆர் என்ற ஒரே ஒரு புரதம். 1,480 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி அது. நுரையீரலின் காற்றுக்குழாய்கள், கணையம், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்களின் மேற்சவ்வில் நின்று குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்திவிடும். உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். அதனால்தான் காற்றுக்குழாயின் மேல் படிந்திருக்கும் சளி ஈரமாக, எளிதில் நகரும்படி இருக்கிறது. புரதம் வேலை செய்யாவிட்டால் சளி காய்ந்து இறுகிவிடும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதில் குடியேறும், அழற்சி வரும், வருடங்கள் போகப் போக நுரையீரல் சிதையும். கணையத்தின் நாளங்கள் அடைபட்டுப் போவதால் கொழுப்பு செரிக்காது. குழந்தை சாப்பிட்டும் எடை ஏறாது.

வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை தலைகீழ். அங்கே உப்பைத் திரும்ப உள்ளே இழுப்பதுதான் இந்தப் புரதத்தின் வேலை. அது நடக்காததால் வியர்வை அதிகமாக உப்புக் கரிக்கும். 1953-ல் பால் டி சாண்ட்டாக்னீஸ் இதைப் பதிவு செய்தார். இன்றும் நோயை உறுதிசெய்ய வியர்வையில் உள்ள குளோரைடைத்தான் அளக்கிறார்கள்; லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று கொள்வார்கள்.

இந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவின் பிழையுள்ள பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பிழையாக இருப்பவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார். மருந்து உருவாக்குபவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை தந்த செய்தி. புரதத்தின் வேலையை நூற்றுக்கு நூறு மீட்க வேண்டியதில்லை, பாதி கிடைத்தாலே போதும் என்பது இதிலிருந்து தெரிந்தது. அதற்கும் குறைவாகக் கிடைத்தாலும் பலன் உண்டு.

சிறு மூலக்கூறு மருந்து என்றால் என்ன?

வேதியியல் கூடத்தில் தொகுத்துச் செய்யக்கூடிய, செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும் அளவுக்குச் சிறிய சேர்மம். மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய் எல்லா உறுப்புகளையும் எட்டும். நுரையீரல், கணையம், குடல், கல்லீரல் எனப் பல இடங்களைத் தாக்கும் நோய்க்கு இது மிகப் பெரிய வசதி. நுரையீரலுக்குள் உறிஞ்சும் மரபணு சிகிச்சை நுரையீரலோடு நின்றுவிடும்.

மரபணு 1989-லேயே தெரிந்துவிட்டதே, முதல் மாத்திரை வர 2012 ஆனது ஏன்?

டொராண்டோவில் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து 1989-ல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. உடனே எல்லோருடைய கண்ணும் மரபணு சிகிச்சையின் பக்கம் திரும்பியது. நல்ல பிரதியை வைரஸில் ஏற்றி நுரையீரலுக்குள் அனுப்பினால் முடிந்தது என்று நினைத்தார்கள். 1993-லேயே மனிதர்களிடம் முயன்றும் பார்த்தார்கள். ஆனால் வெளியிலிருந்து வருவதை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த உறுப்பு நுரையீரல். கிடைத்த பலன் குறைவு, அதுவும் நிலைக்கவில்லை.

மாத்திரை வழியில் போகலாம் என்று நம்பியவர்கள் அப்போது குறைவு. காரணம் இருந்தது. பெரும்பாலான மருந்துகள் ஏதாவது ஒன்றைத் தடுக்கின்றன. ஒரு நொதியின் குழியில் போய் அடைத்துக்கொள்ளும், அல்லது ஒரு ஏற்பியை மூடும். இங்கே தேவைப்பட்டது அதற்கு நேர் எதிரானது: உருக்குலைந்த ஒரு புரதத்தை மீண்டும் வேலை செய்ய வைக்க வேண்டும். அப்படி ஒரு சேர்மம் இருக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அந்தச் சந்தேகத்தை அசைத்தது 1992-ல் வந்த ஒரு ஆய்வு. அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷின் குழு, பிழையுள்ள புரதம் கொண்ட செல்களை உடல் வெப்பத்துக்குப் பதிலாகக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தது. புரதத்தின் ஒரு பகுதி செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தது. வந்தது குளோரைடையும் கடத்தியது. அதாவது பிழை இருந்தாலும் புரதம் முழுவதுமாக வீணாகிவிடவில்லை. சரியாக மடிய உதவி கிடைத்தால் அது வேலை செய்யும். என் பார்வையில், இன்றைய மாத்திரைகள் எல்லாமே இந்த ஒரு கண்டறிதலின் மேல் நிற்பவை.

எல்லோருக்கும் ஒரே பிழைதானா?

இல்லை. இந்த மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. அவை எல்லாமே நோய் தருபவை அல்ல. நோய் தருபவற்றை, புரதத்துக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துப் பிரிப்பார்கள். சிலவற்றில் புரதமே உருவாவதில்லை. சிலவற்றில் உருவாகும், ஆனால் சரியாக மடியாததால் செல் அதை அழித்துவிடும். சிலவற்றில் மேற்பரப்பு வரை வந்துவிடும், ஆனால் குளோரைடு போகும் வாயில், அதாவது கதவு, திறக்காது. இன்னும் சிலவற்றில் திறக்கும், ஆனால் குறைவாகவே கடத்தும். அல்லது மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும். அல்லது வந்த வேகத்திலேயே திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுவிடும்.

எந்த மருந்து பலிக்கும் என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது. ஒரே நோயின் பெயரைச் சுமக்கும் இருவருக்கு வெவ்வேறு மருந்து தேவைப்படுவது இதனால்தான்.

எஃப்508டெல் என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே?

மூன்று எழுத்துகள் மரபணுவிலிருந்து விடுபட்டுப் போவதால், 508-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் இல்லாமல் போகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இதுதான் மிக அதிகம். அமெரிக்காவில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம் பேரிடம் குறைந்தது ஒரு பிரதியாவது இருக்கிறது. மற்ற வம்சாவளிகளில் இதன் பங்கு குறைவு, அரிய பிழைகளின் பங்கு அதிகம்.

விடுபட்டது ஒரே ஒரு அமினோ அமிலம்தான் என்றாலும் சேதம் பெரிது. புரதத்தின் ஒரு பகுதி நிலையாக மடிவதில்லை, பகுதிகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதும் இல்லை. செல்லின் தரச்சோதனை அமைப்பு அதைப் பிடித்து, செல்லுக்குள் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலேயே நிறுத்தி, பிறகு சிதைத்துவிடும். தப்பி மேலே வந்தாலும் வாயில் சரியாகத் திறக்காது. அதிக நேரம் அங்கே தங்கவும் செய்யாது. ஒரே பிழையில் மூன்று கோளாறுகள். ஒரு மருந்தால் இதைச் சமாளிக்க முடியாது என்பது வேலை தொடங்கிச் சில வருடங்களிலேயே புரிந்துவிட்டது.

லட்சக்கணக்கான சேர்மங்களிலிருந்து சரியானதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1990-களின் கடைசியில் புரதத்தின் முப்பரிமாண வடிவம் தெரியாது. எந்தக் குழியில் மருந்து உட்காரும் என்று கணித்து வடிவமைக்க வழியில்லை. மிஞ்சியது ஒரே வழி: கைவசம் உள்ள எல்லாச் சேர்மங்களையும் செல்களின் மேல் போட்டுப் பார்ப்பது. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் என்ற நோயாளிகள் அமைப்பு, சான் டியாகோவில் இருந்த அரோரா பயோசயின்சஸ் என்ற சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து இந்த வேலையைத் தொடங்க வைத்தது. 2001-ல் வெர்டெக்ஸ் நிறுவனம் அரோராவை வாங்கியது. திட்டமும் அதோடு போனது.

அரோராவிடம் இருந்த சொத்து ஒரு சாயத் தொழில்நுட்பம். ரோஜர் சியென்னும் ஹெசூஸ் கோன்சாலஸும் உருவாக்கியது அது. செல்லின் சவ்வில் இரண்டு ஒளிரும் சாயங்களை ஏற்றுவார்கள். ஒன்று வெளிப்பக்கத்திலேயே நிற்கும். இன்னொன்று மின்னேற்றம் உடையது. சவ்வின் மின்னழுத்தம் மாறினால் உள்ளும் வெளியுமாக நகரும். இரண்டும் அருகருகே இருக்கும்போது ஒளி ஒரு நிறம், விலகினால் வேறு நிறம். குளோரைடு வாயில் திறந்தால் மின்னழுத்தம் மாறும், சாயம் நகரும், நிறம் மாறும். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சிறு குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மம்; கருவி நிறத்தைப் படித்துக்கொண்டே போகும். கையால் மின்னோட்டத்தை அளந்திருந்தால் ஒரு ஆய்வாளரின் வாழ்நாள் போதாது.

தேடியது இரண்டு வகைச் சேர்மங்களை. முதல் வகை, மேற்பரப்பில் ஏற்கெனவே நிற்கும் புரதத்தின் வாயிலை அதிக நேரம் திறந்து வைப்பது. இதைப் பொடென்ஷியேட்டர் என்கிறார்கள். இதைத் தேட செல்களை முதலில் 27 டிகிரி செல்சியஸில் வைத்துப் புரதத்தை மேலே வரவைத்தார்கள், பிறகு சேர்மத்தைச் சேர்த்தார்கள். 1992-ன் கண்டுபிடிப்பு இங்கே ஒரு கருவியாகவே பயன்பட்டது. இரண்டாவது வகை, புரதம் மடிவதற்கு உதவி அதை மேலே கொண்டுவருவது, இது கரெக்டர். இதற்கு உடல் வெப்பத்திலேயே சேர்மத்தோடு செல்களை ஊறவைத்து, அப்புறம் எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்தார்கள். பொடென்ஷியேட்டருக்காகச் சோதித்தவை 2,28,000 சேர்மங்கள். அந்த வழியில் பிறந்தது ஐவகாஃப்டர். கரெக்டருக்காகச் சோதித்தவை 1,64,000. அதிலிருந்து வந்தது லூமகாஃப்டர்.

இதே காலத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஆலன் வெர்க்மனின் குழு வேறொரு வழியில் தேடியது. ஹாலைடு (குளோரைடு வகை அயனி) உள்ளே நுழைந்தால் ஒளி மங்கும் மஞ்சள் ஒளிர்புரதத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள்.

செல்லில் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று எப்படி நம்பினார்கள்?

இங்கேதான் இந்தத் திட்டம் மற்ற பலவற்றிலிருந்து வேறுபட்டது. நோயுள்ளவர்களுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்கும்போது, எடுக்கப்பட்ட பழைய நுரையீரலிலிருந்து காற்றுக்குழாய்ச் செல்களைப் பெற்றார்கள். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஊட்டத் திரவம் என்று வைத்து வளர்த்தால் அவை நுரையீரலில் இருப்பது போலவே அடுக்காகின்றன, மேலே நுண்ணிய மயிரிழைகளும் முளைக்கின்றன. அந்த அடுக்கை ஒரு அறையின் நடுவில் பொருத்தி, குளோரைடு எவ்வளவு மின்னோட்டமாகக் கடக்கிறது என்று நேரடியாக அளக்கலாம். மருந்து சேர்த்ததும் சளிப்படலத்தின் திரவம் கூடியது, மயிரிழைகளின் துடிப்பு அதிகரித்தது.

எலியை ஏன் முதன்மையாக நம்பவில்லை? இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மனிதர்களுக்கு வருவது போன்ற நுரையீரல் நோய் தானாக வருவதில்லை. ஆக, நோயாளிகளின் சொந்தச் செல்களே வழிகாட்டின. அவர்கள் கொடுத்த நுரையீரல் திசு இல்லாமல் இந்த மருந்துகளில் ஒன்றுகூட வந்திருக்காது. இதை யாரும் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்கு மருந்து என்று படித்தேனே?

2004-ல் வெளியான ஒரு ஆய்வில், எஃப்508டெல் பிழையுள்ள எலிகளுக்குக் குர்குமின் உதவியதாகச் சொன்னார்கள். அது பெரிய செய்தியானது. ஆனால் வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த நோய்க்குக் குர்குமின் இன்று சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

ஐவகாஃப்டர் உண்மையில் என்ன செய்தது?

ஜி551டி என்ற பிழையில் புரதம் மேற்பரப்புக்கு வந்துவிடும், வாயில்தான் திறக்காது. நோயாளிகளில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது. மருந்து செய்ய ஏற்ற தெளிவான இலக்கு. 2011-ல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில், மூச்சை வேகமாக வெளிவிடும் திறனைக் காட்டும் எஃப்இவி1 அளவு 24 வாரங்களில் மருந்தில்லாத ஒப்பீட்டு மாத்திரையை விட 10.6 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. நோய் திடீரெனத் தீவிரமாகும் வாய்ப்பு 55 சதவீதம் குறைந்தது. எடை கூடியது. வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 48 மில்லிமோல் இறங்கியது.

இதில் வியர்வை எண்தான் எனக்கு மிக முக்கியம். மூச்சளவு பல காரணங்களால் ஏறி இறங்கலாம். ஆனால் வியர்வையில் உப்பு குறைய வேண்டுமானால் சிஎஃப்டிஆர் வேலை செய்தே ஆக வேண்டும். நோயின் வேரை ஒரு மாத்திரை தொட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. 2012 ஜனவரி 31-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. விற்பனைப் பெயர் கலிடெகோ.

அப்புறம் ஏன் மூன்று மருந்துகளைச் சேர்க்க வேண்டி வந்தது?

ஐவகாஃப்டர் மட்டும் எஃப்508டெல்லுக்கு உதவாது. திறக்க வேண்டிய வாயிலே மேலே வந்து சேர்வதில்லையே. அதனால் லூமகாஃப்டரையும் ஐவகாஃப்டரையும் சேர்த்து 2015-ல் ஆர்காம்பி என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். மூச்சளவில் கிடைத்த முன்னேற்றம் 2.6 முதல் 4 புள்ளிகள்தான். பலருக்கு ஏமாற்றம். லூமகாஃப்டர் கல்லீரலின் சிஒய்பி3ஏ நொதிகளைத் தூண்டி ஐவகாஃப்டரையே வேகமாகச் சிதைக்க வைத்தது. சிலருக்கு நெஞ்சு இறுக்கமும் வந்தது. இன்னொரு சிக்கலும் தெரிந்தது. 2014-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஐவகாஃப்டரை நீண்ட நேரம் வைத்திருந்தால் சரிசெய்யப்பட்ட எஃப்508டெல் புரதத்தின் நிலைத்தன்மை குறைகிறது என்று செல்களில் காட்டின.

2018-ல் லூமகாஃப்டரின் இடத்துக்கு டெசகாஃப்டர் வந்தது. நொதித் தொல்லை நீங்கியது, ஆனால் பலன் பெரிதாகக் கூடவில்லை. ஒரு கரெக்டர் புரதத்தின் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது. வேறொரு இடத்தில் தாங்கும் இன்னொரு கரெக்டர் வேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்த இரண்டாவது கரெக்டர்தான் எலெக்சகாஃப்டர்.

எலெக்சகாஃப்டர், டெசகாஃப்டர், ஐவகாஃப்டர் மூன்றும் சேர்ந்த ட்ரிகாஃப்டா 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐரோப்பாவில் அதன் பெயர் காஃப்ட்ரியோ. ஒரே ஒரு எஃப்508டெல் பிரதி உள்ளவர்களிடம் நடந்த சோதனையில் எஃப்இவி1 நான்கே வாரங்களில் 13.8 புள்ளிகள் உயர்ந்தது. 24 வாரங்களில் 14.3. தீவிரமாகும் நிகழ்வுகள் 63 சதவீதம் குறைந்தன. ஒரு பிரதி இருந்தாலே போதும் என்றானதால், முன்பு எந்த மருந்தும் இல்லாதிருந்த பெரும் கூட்டத்துக்கு வழி பிறந்தது. ஆர்காம்பியில் கிடைத்ததையும் இதில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வருட இடைவெளியில் இவ்வளவு தூரம் போனது மருந்து வரலாற்றில் அபூர்வம்.

2024 டிசம்பரில் அலிஃப்ட்ரெக் அனுமதி பெற்றது. அதில் வான்சகாஃப்டர், டெசகாஃப்டர், டியூட்டிவகாஃப்டர் உள்ளன. கடைசியாகச் சொன்னது ஐவகாஃப்டரேதான், சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக அதைவிடக் கனமான டியூட்டீரியம் வைத்தது. அந்தப் பிணைப்பை உடைக்கக் கல்லீரலுக்கு அதிக நேரம் பிடிப்பதால் மருந்து உடம்பில் நீடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். மூச்சளவில் இது ட்ரிகாஃப்டாவுக்குக் குறைந்ததல்ல, வியர்வைக் குளோரைடைக் கூடுதலாகவே குறைத்தது.

இந்த மருந்துகள் புரதத்தில் எங்கே போய் ஒட்டுகின்றன?

வேடிக்கை என்னவென்றால், மருந்துகள் வந்து பல வருடங்கள் கழித்துத்தான் இதற்குப் பதில் கிடைத்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜூ சென்னின் குழு, உறையவைத்த புரதத்தைப் படமெடுக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் 2017-ல் மனித சிஎஃப்டிஆரின் வடிவத்தை வெளியிட்டது. ஐவகாஃப்டர் சவ்வுக்குள் இருக்கும் பகுதியில், வாயில் திரும்பும் கீலில் உட்காருகிறது என்று 2019-ல் காட்டினார்கள். லூமகாஃப்டரும் டெசகாஃப்டரும் முதல் சவ்வுப் பகுதியில் ஒரே குழியில் பொருந்துகின்றன. எலெக்சகாஃப்டர் வேறிடத்தில் பிடிக்கிறது. இவை 2022-ல் வெளியான முடிவுகள். இரண்டு கரெக்டர்கள் சேர்ந்தால் ஏன் இவ்வளவு பலன் என்பதற்கு அப்போதுதான் கண்ணால் பார்க்கும் விளக்கம் கிடைத்தது.

நல்ல சேர்மம் கிடைத்துவிட்டால் மாத்திரை செய்வது எளிதுதானே?

எளிதில்லை. முதலில் அகப்படும் சேர்மம் பெரும்பாலும் வீரியம் குறைந்ததாக இருக்கும். அதன் ஒவ்வொரு மூலையையும் மாற்றி மாற்றித் தொகுத்துப் பார்க்க வேண்டும். வீரியம் கூடினால் கரைதிறன் குறையும். ஐவகாஃப்டர் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. படிகமாகாமல் பாலிமரோடு சேர்த்துத் தெளித்து உலர்த்தித்தான் அதை மாத்திரையாக்கினார்கள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பில் சேரும் அளவு மிகவும் குறைந்துவிடும். வாய்வழி மருந்தின் மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு பொது விதி சொல்வார்கள். எலெக்சகாஃப்டரின் எடை ஏறக்குறைய 598. அந்த விதியைக் கண்மூடிப் பின்பற்றியிருந்தால் இப்படியொரு மருந்து மேசையிலேயே நின்றிருக்கும்.

உலகில் சில பேருக்கு மட்டுமே உள்ள பிழைக்குச் சோதனை நடத்துவது எப்படி?

வழக்கமான முறையில் நடத்தவே முடியாது. ஆள் எண்ணிக்கை போதாது. இதற்கு இரண்டு வழிகள் கைகொடுத்தன. ஒன்று, அந்தப் பிழையை ஆய்வகச் செல்களில் வைத்து மருந்து எவ்வளவு மீட்கிறது என்று அளப்பது. 2017-ல் எஃப்டிஏ இத்தகைய ஆய்வகத் தரவை முதன்மையாக வைத்தே ஐவகாஃப்டருக்கு மேலும் 23 பிழைகளைச் சேர்த்தது. இது துணிச்சலான, சரியான முடிவு.

இன்னொன்று ஆர்கனாய்டு. நோயாளியின் மலக்குடலிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்து வளர்த்தால் நுண்ணிய உருண்டைகள் உருவாகும். சிஎஃப்டிஆர் வேலை செய்தால் அவை திரவம் நிரம்பி உப்பும். செய்யாவிட்டால் அப்படியே இருக்கும். மருந்து போட்டு உப்புகிறதா என்று பார்த்தால், அந்தக் குறிப்பிட்ட மனிதருக்குப் பலிக்குமா என்பதற்கு நல்ல குறிப்பு கிடைக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2013-ல் இதைக் காட்டினார்கள்.

தோற்றுப்போன மருந்துகளும் உண்டா?

உண்டு, நிறைய. அதிகம் பேசப்பட்டது அட்டலூரென். மரபணுவின் நடுவில் "நிறுத்து" என்ற குறி தவறாக விழுந்துவிட்டால் புரதம் பாதியிலேயே அறுந்துவிடும். அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க வைப்பதுதான் அட்டலூரெனின் நோக்கம். முதல் பெரிய சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆனால் உறிஞ்சும் டோப்ராமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை எடுக்காதவர்களிடம் மட்டும் பலன் இருப்பது போலத் தோன்றியது. அவர்களை மட்டும் வைத்து மறுபடி நடத்தினார்கள். 2017-ல் அதுவும் தோற்றது. முடிந்த சோதனையைத் துண்டு போட்டுப் பார்த்துக் கிடைக்கும் நம்பிக்கை எவ்வளவு வலுவற்றது என்பதற்கு இது உதாரணம். அந்த மருந்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது மிகவும் கசப்பான செய்தி.

பக்கவிளைவுகள்?

தலைவலி, தோல் தடிப்பு, கல்லீரல் நொதிகள் உயர்வு ஆகியவை அதிகம் காணப்படுபவை. மூன்று மருந்துக் கூட்டில் அரிதாகக் கடுமையான கல்லீரல் பாதிப்பு நேர்ந்திருப்பதால் எஃப்டிஏ மிக உயர்ந்த எச்சரிக்கையைச் சேர்த்திருக்கிறது. தொடங்கும் முன்பும் தொடங்கிய பின்பும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். குழந்தைகளுக்குக் கண்புரை வந்ததும் பதிவாகியிருப்பதால் கண்ணைப் பார்ப்பார்கள். சிலர் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு என்று சொல்கிறார்கள். உடம்பு நன்றாகும்போது மனம் ஏன் இப்படி என்று தயங்கிச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளோடு மோதலும் கவனிக்க வேண்டியது. ரிஃபாம்பிசின், கார்பமசெபின், ஃபெனிடோயின் ஆகியவை இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். இட்ராகொனசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை அளவைக் கூட்டிவிடும். அப்போது மாத்திரையைக் குறைக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மாத்திரை தொடங்கினால் நோய் குணமாகிவிடுமா? பழைய சிகிச்சைகளை நிறுத்தலாமா?

குணமாகாது. மரபணு அப்படியேதான் இருக்கிறது; மருந்தை நிறுத்தினால் புரதம் பழைய நிலைக்குப் போய்விடும். ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரல் பகுதி திரும்பாது. ஆண்களில் பெரும்பாலோருக்கு விந்து நாளம் பிறப்பிலேயே இல்லாததால் வரும் குழந்தையின்மையையும் மாத்திரை மாற்றாது. பெண்களுக்கோ, கருப்பை வாயின் சளி இளகுவதாலும் உடல்நிலை தேறுவதாலும் கருத்தரிப்பது எளிதாகலாம். முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

மிகச் சிறு வயதில் தொடங்கினால் சேதத்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம். ஐவகாஃப்டர் எடுத்த சில சிறு குழந்தைகளில் கணையத்தின் வேலை ஓரளவு திரும்பியதற்கான அறிகுறியும் தெரிந்தது. பழைய சிகிச்சைகளைப் பொறுத்தவரை, மூன்று மருந்துக் கூட்டு எடுக்கும், நுரையீரல் ஓரளவு நன்றாக உள்ளவர்கள் உப்புநீர் ஆவியையோ, சளியை இளக்கும் டார்னேஸ் ஆல்ஃபாவையோ ஆறு வாரம் நிறுத்தியபோது மூச்சளவு குறிப்பிடும்படி குறையவில்லை என்று ஒரு சோதனை காட்டியது. ஆறு வாரம் என்பது குறுகிய காலம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இவ்வளவு விலை ஏன்?

ட்ரிகாஃப்டா அமெரிக்காவில் அறிமுகமானபோது பட்டியல் விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,11,000 டாலர். ஆரம்ப ஆராய்ச்சிக்கு நோயாளிகளின் ஃபவுண்டேஷன் பெரும்பணம் கொடுத்தது. 2014-ல் தன் ராயல்டி உரிமையை 330 கோடி டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை மறுபடி ஆராய்ச்சியில் போட்டது. நோயாளிகள் நன்கொடை திரட்டி, நோயாளிகளே சோதனைகளில் பங்கேற்று உருவான மருந்து, உலகின் பல நாடுகளில் நோயாளிகளுக்கு எட்டாத விலையில் இருப்பது நியாயமில்லை. இங்கிலாந்திலேயே ஆர்காம்பி விஷயத்தில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு வர 2019 வரை ஆனது. அந்த வருடங்களில் சில குழந்தைகளின் நுரையீரல் திரும்பப் பெற முடியாததை இழந்திருக்கும்.

இந்த மருந்துகள் எதுவுமே பலிக்காதவர்களுக்கு என்ன வழி?

புரதமே உருவாகாதவர்களுக்குப் பொடென்ஷியேட்டரும் கரெக்டரும் பிடிக்க எதுவும் இல்லை. அவர்களுக்காக உறிஞ்சும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு), மரபணு சிகிச்சை, மரபணுத் திருத்தம் ஆகியவற்றில் வேலை நடக்கிறது. சிறு மூலக்கூறு வழியிலும் தவறான நிறுத்துக் குறியைத் தாண்ட வைக்கும் புதிய சேர்மங்களைத் தேடுகிறார்கள். சிஎஃப்டிஆரை விட்டுவிட்டு வேறு அயனி வாயில்களை வைத்துச் சளியை ஈரமாக்கும் முயற்சியும் உண்டு. அதில் இதுவரை பெரிய வெற்றி இல்லை.

எங்கள் குழந்தைக்கு எந்தப் பிழை என்றே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

முதலில் வியர்வைச் சோதனை, அதன் பிறகு மரபணுச் சோதனை. மரபணுச் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். குறிப்பிட்ட சில பிழைகளை மட்டும் தேடும் பட்டியல் சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியில் அதிகமுள்ள பிழைகளை வைத்து அமைந்தவை. அதில் எதுவும் தெரியவில்லை என்றாலும் பிழை இல்லை என்று அர்த்தமாகாது. மரபணு முழுவதையும் படிக்கும் சோதனை, பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற சோதனையோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பிரதிகளிலும் என்ன பிழை என்று அறிக்கையில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதன் பிறகு, அந்தப் பிழையின் பெயர் மருந்தின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். பட்டியல் அவ்வப்போது நீள்வதால், இன்று இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேளுங்கள்.